தோத்தாபுரியின் சராசரி விலை 12 ரூபாயா, 16 ரூபாயா?

கேள்வி கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மாணவியுடையது. தாய்மாமன் நடத்தும் மாங்காய் மண்டியின் வரத்துக் கணக்கைப் புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் என்ற நிரல் மொழியில் ஏற்றியிருக்கிறார். ஒவ்வொரு லோடுக்கும் ஒரு வரிசை. அதில் தேதி, ஊர், ரகம், எடை, கிலோ விலை. ரகவாரியாகத் தொகுத்தபோது தோத்தாபுரியின் சராசரி விலை 16 ரூபாய் 33 காசு என்று வந்ததாம். மாமாவோ நோட்டைத் திறக்காமலேயே "பன்னிரண்டுக்குப் பக்கத்தில்தான் நின்றது" என்கிறார். சேந்தூராவுக்கு எண்ணே வராமல் என்ஏ (மதிப்பு இல்லை என்பதற்கான குறி) என்று நிற்கிறது. பெங்களூரா என்று இன்னொரு ரகம் தனியாக வருகிறது. ரகங்களின் சதவீதப் பங்கைக் கூட்டினால் நூறைத் தாண்டிப் போகிறது. தவறு எங்கே என்று கேட்டிருக்கிறார்.

மாமா சொல்வதே சரி. நீங்கள் அனுப்பிய மாதிரியில் தோத்தாபுரி மூன்று லோடு. 4,000 கிலோ 11 ரூபாய்க்கு, 500 கிலோ 18 ரூபாய்க்கு, 300 கிலோ 20 ரூபாய்க்கு. ஆர் மொழி 11, 18, 20 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துவிட்டது, 16.33. மாமா மனத்தில் ஓடுவது வேறு கணக்கு. கைமாறிய பணம் 44,000, 9,000, 6,000, ஆக மொத்தம் 59,000 ரூபாய். இறங்கிய காய் 4,800 கிலோ. வகுத்தால் 12 ரூபாய் 29 காசு. பாடப்புத்தகம் இதை எடையிட்ட சராசரி என்கிறது. உங்கள் மண்டியில் அந்த எடை நிஜமாகவே எடைமேடையில் நின்ற எடை.

இரண்டு சராசரிகளும் ஏன் இவ்வளவு விலகுகின்றன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாங்கூழ் ஆலைக்குப் போகும் காய் லாரி லாரியாக வரும், விலை குறைவு. பழக்கடைக்குப் பொறுக்கி எடுத்த காய் சில நூறு கிலோதான் வரும், விலை அதிகம். எடை கூடக் கூட விலை இறங்குகிறது. இப்படி எடையும் விலையும் எதிர்த்திசையில் பிணைந்திருந்தால் சாதாரணச் சராசரி எப்போதும் உண்மையைவிட உயரத்தில் நிற்கும். பிணைப்பு இல்லாத சரக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். சாதாரணச் சராசரி பயனற்றது என்று சொல்லவில்லை. "லோடு கொண்டுவந்த ஒரு விவசாயிக்குச் சராசரியாக என்ன விலை சொல்லப்பட்டது" என்பது கேள்வியானால் பெரிய தோப்புக்காரருக்கும் சிறு தோப்புக்காரருக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு; அங்கே 16.33 தான் விடை. உங்கள் கேள்வி கிலோவைப் பற்றியது, நீங்கள் கணக்கிட்டதோ லோடைப் பற்றியது. தொகுப்பதற்கு முன் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் எல்லாச் சிக்கலுக்கும் அதுதான் வேர்.

இனி எழுதும் முறை. செயற்கூறுகளின், அதாவது கணக்கைச் செய்துதரும் கட்டளைகளின், பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

வரத்து |> குரூப்_பை(ரகம்) |> சம்மரைஸ்(லோடு = என்(), மொத்த_எடை = சம்(எடை), மொத்த_தொகை = சம்(எடை * விலை), சராசரி_விலை = மொத்த_தொகை / மொத்த_எடை)

மண்டி முற்றத்தில் நடப்பதுதான் இந்த ஒரு வரியில் நடக்கிறது. வந்த காயை ரகம் பிரித்துக் குவிக்கிறார்கள், ஒவ்வொரு குவியலையும் நிறுக்கிறார்கள், குவியலுக்கு ஒரு சீட்டு எழுதி எல்லாச் சீட்டையும் ஒரு தாளில் சேர்க்கிறார்கள். குரூப்_பை குவிக்கிறது, சம்மரைஸ் சீட்டு எழுதுகிறது. என்() வரிசைகளை எண்ணுகிறது, சம் கூட்டுகிறது, |> குறி ஒரு படியின் விளைவை அடுத்த படிக்கு அனுப்புகிறது. பிரித்தல், கணக்கிடுதல், சேர்த்தல் என்ற இந்த மூன்று படிகளை ஒரு முறையாகவே வகுத்துப் புள்ளியியலாளர் ஹேட்லி விக்கம் 2011இல் ஒரு கட்டுரை எழுதினார். நீங்கள் பயன்படுத்தும் டீப்ளையர் தொகுப்பு (ஆர் மொழியோடு சேர்த்து நிறுவிக்கொள்ளும் செயற்கூறுகளின் கட்டு) அவர் முன்னின்று உருவாக்கியது, 2014இல் வெளிவந்தது. ஆனால் வேலை அதைவிடப் பழையது. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய ஆர் மொழியில் டீஅப்ளை, அக்ரிகேட், ஸ்ப்ளிட் ஆகியவை உள்ளேயே இருக்கின்றன. எந்தத் தொகுப்பையும் நிறுவாமல் இதே கணக்கைப் போடலாம். வரிசைகள் கோடிக்கணக்கில் போனால் டேட்டா.டேபிள் தொகுப்புக்கு மாறுங்கள். ஒரு மண்டியின் மூன்று மாதக் கணக்குக்கு எதுவும் போதும். வேகத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

சம்மரைஸ் வரியில் ஒரு குழி இருக்கிறது. புதிய நெடுவரிசைக்குப் பழைய பெயரையே வைத்துவிடாதீர்கள். மொத்த_எடை என்று எழுதாமல் எடை = சம்(எடை) என்று எழுதி, அதே அடைப்புக்குள் அடுத்தபடி சம்(எடை * விலை) / சம்(எடை) என்று போட்டால், இரண்டாவது இடத்தில் எடை என்பது லோடுகளின் எடை அல்ல, சற்றுமுன் நீங்கள் உண்டாக்கிய 4,800. மூன்று விலைகளும் அதே 4,800ஆல் பெருக்கப்பட்டு அதே 4,800ஆல் வகுபட, விடை 49 ரூபாய் என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. மண்டியில் வளர்ந்தவர் 49ஐப் பார்த்த உடனே பிடித்துவிடுவார்; பழக்கமில்லாத துறையின் தரவானால் அந்த எண் அப்படியே அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சேந்தூராவுக்கு வருவோம். உங்கள் மாதிரியில் 600 கிலோ 30 ரூபாய்க்கு, 400 கிலோ 28 ரூபாய்க்கு, அப்புறம் 1,000 கிலோ ஒரு லோடு விலை முடியாமலேயே இறங்கியிருக்கிறது. விலைக் கட்டம் வெற்று. ஒன்று தெரியாவிட்டால் மொத்தமும் தெரியாது என்பது ஆர் மொழியின் நிலைப்பாடு. அதனால்தான் என்ஏ. அது நேர்மையான விடை, கோபப்பட வேண்டாம். எல்லோரும் உடனே செய்வது, விடுபட்டதை ஒதுக்கச் சொல்லும் என்ஏ.ஆர்எம் = ட்ரூ என்பதைச் சம் வரும் இடமெல்லாம் சேர்ப்பது. அப்படிச் சேர்த்தால் என்ன ஆகிறது பாருங்கள். தொகை 18,000 உடன் 11,200, ஆக 29,200. விலை இல்லாத லோடு இதில் சேரவில்லை. எடையிலோ எந்தக் கட்டமும் வெற்றாக இல்லை, ஆகவே 600, 400, 1,000 மூன்றும் சேர்ந்து 2,000. வகுத்தால் 14 ரூபாய் 60 காசு. சேந்தூரா எங்கேயும் அந்த விலைக்குப் போகவில்லை. மேலே விட்ட லோடைக் கீழேயும் விட்டால்தான் கணக்கு நேராகும்: 29,200ஐ 1,000ஆல் வகுக்க 29 ரூபாய் 20 காசு.

எனக்கு மாணவர்களிடம் மிகவும் வருத்தம் தரும் பிழை இதுதான். என்ஏ வந்தபோதாவது ஏதோ குறை இருக்கிறது என்று தெரிந்தது. 14.60 வந்ததும் குறை மறைந்துவிட்டது, தவறு மட்டும் இருக்கிறது. ஆகவே சராசரிக்கு வெய்ட்டட்.மீன் செயற்கூறைப் பயன்படுத்தி, முதலில் விலை, அடுத்து எடை, பிறகு என்ஏ.ஆர்எம் = ட்ரூ என்று கொடுங்கள். விலை விடுபட்ட இடத்தில் அதற்குரிய எடையையும் சேர்த்தே அது ஒதுக்கும். எடை விடுபட்டிருந்தால் ஒதுக்காது, மீண்டும் என்ஏ என்றே சொல்லும்; அதுவும் நல்லதுதான், ஏனென்றால் எடைச்சீட்டைத் தேடிப் பார்க்க வேண்டிய இடம் அது. விலை முடியாத லோடு எத்தனை, எத்தனை கிலோ என்பதற்கும் சம்மரைஸில் ஒரு நெடுவரிசை வையுங்கள். ஒரு ரகத்தில் எந்த லோடுக்குமே விலை முடியவில்லை என்றால், ஒதுக்கச் சொன்ன பிறகு கூட்டுத்தொகை பூஜ்யம் என்று வரும். அந்த ரகம் இனாமாகப் போனது போலத் தெரியும். பக்கத்தில் எண்ணிக்கை இருந்தால் ஏமாற மாட்டீர்கள்.

அக்ரிகேட் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அலைக்குறி (~) போட்டு எழுதும் வடிவத்தில், சம்பந்தப்பட்ட நெடுவரிசைகளில் ஏதாவது ஒன்று வெற்றாக இருந்தாலும் அந்த வரிசை முழுவதையும் அது சத்தமில்லாமல் விட்டுவிடும். எடையையும் தொகையையும் சேர்த்துக் கொடுத்தால் சேந்தூராவின் சராசரி 29.20 என்று சரியாக வரும். ஆனால் மொத்த வரத்து 2,000க்குப் பதில் 1,000 என்று நிற்கும். ஓர் எண்ணைச் சரிபார்த்து நிம்மதியடைந்தவர் இன்னொன்றைத் தவறவிடுவது இப்படித்தான்.

பெங்களூரா தனி ரகமாக வந்ததற்கு ஆர் மொழியைக் குறை சொல்ல முடியாது. தோத்தாபுரி, பெங்களூரா, கிளிமூக்கு மூன்றும் ஒரே காய் என்பது கிருஷ்ணகிரியில் குழந்தைக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஊர்ப் பெயர்களில் இது இன்னும் கூடுதல். வேப்பனப்பள்ளி, வேப்பனஹள்ளி, தருமபுரி, தர்மபுரி, காவேரிப்பட்டணம், காவேரிப்பட்டினம். ஓசூரை ஒசூர் என்று குறிலில் தட்டியிருப்பார்கள். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலே அது வேறு குவியல்.

தமிழில் தரவு வைப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலும் உண்டு. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். திரையில் போச்சம்பள்ளி என்று இரண்டு வரிசைகள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிகின்றன, ஆனாலும் தொகுத்தால் இரண்டு ஊர்களாக வருகின்றன. எழுத்துகளை (மெய்யின் புள்ளி, உயிர்க்குறி ஆகியவற்றையும் தனித்தனியாக) எண்ணும் என்கார் செயற்கூறைக் கொடுத்தால் ஒன்றுக்கு 12 என்றும் மற்றதற்கு 13 என்றும் சொல்லும். காரணம் முதலெழுத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் "போ" என்பதை பகரத்துடன் ஓகாரக் குறி என்ற ஒரே குறியாகவும் சேமிக்கலாம், பகரத்துக்கு முன்னால் தெரியும் இரட்டைக் கொம்பையும் பின்னால் தெரியும் காலையும் இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஒப்பிடும் கணினிக்கு வேறு. ஒகரமும் ஔகாரமும் ஏறும் எழுத்துகளுக்கும் இதே நிலைதான். பல பேர் பல விசைப்பலகைகளில் தட்டிய கோப்பைச் சேர்க்கும்போதும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பைச் சேர்க்கும்போதும் இது தலைகாட்டும். தீர்வு எளிது. ஸ்ட்ரிஞ்சி தொகுப்பில் உள்ள என்எஃப்சி இயல்பாக்கச் செயற்கூறு வழியாக எல்லாப் பெயர்களையும் ஒருமுறை அனுப்பினால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். தமிழ்ப் பெயர் உள்ள எந்த நெடுவரிசையையும் நான் இதைச் செய்யாமல் தொகுப்பதில்லை.

அதன் பிறகு ஒரு சிறு அட்டவணை தயாரியுங்கள். ஒரு பக்கம் நோட்டில் எழுதியிருக்கும் பெயர், மறுபக்கம் நீங்கள் வைக்க விரும்பும் பெயர். லெஃப்ட்_ஜாயின் செய்து வரத்துடன் இணைத்துவிட்டுப் பொதுப் பெயரின் மீது தொகுங்கள். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணுவது முக்கியம். சிறு அட்டவணையில் கிளிமூக்கை மறதியாக இரண்டு முறை எழுதியிருந்தால் கிளிமூக்கு லோடு ஒவ்வொன்றும் இரண்டு லோடாகப் பெருகி, வராத காய்க்குக் கணக்கு எழுதியிருப்பீர்கள். மூலக் கோப்பில் இருக்கும் பெயரைத் திருத்தாதீர்கள். எழுதியவர் ஏன் அப்படி எழுதினார் என்று ஒருநாள் தேட வேண்டிவரும்.

பெயர் மாறாமல் பொருள் மாறுவது இதைவிட ஆபத்து. உங்கள் மண்டிக் கணக்குக்கு இது வராது. ஆனால் அடுத்து மாவட்டவாரிப் புள்ளிவிவரத்தில் கைவைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அந்தத் தருமபுரியே 1965 அக்டோபர் 2 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்தது. மாவட்டத்தையும் ஆண்டையும் வைத்துத் தொகுத்தால் 2004ஐ ஒட்டித் தருமபுரியின் மா பரப்பு, மக்கள்தொகை, பள்ளிகளின் எண்ணிக்கை எல்லாமே ஒரே மூச்சில் சரிந்தது போல வரைபடம் காட்டும். சரிவு எதுவும் நடக்கவில்லை. எல்லைக்கோடு நகர்ந்தது, அவ்வளவுதான். 2001 கணக்கெடுப்பில் தருமபுரி என்ற சொல்லுக்குள் ஓசூரும் ஊத்தங்கரையும் இருந்தன, 2011இல் இல்லை. இரண்டு வழிகள் உண்டு. பிரிந்த பிறகும் இரண்டையும் கூட்டிப் "பழைய தருமபுரி" என்று ஒரே குழுவாக வைக்கலாம். வட்டவாரித் தரவு கிடைத்தால் பழைய ஆண்டுகளையும் இன்றைய எல்லைப்படி பிரித்து அடுக்கலாம். இரண்டாவது வழி உழைப்பைக் கேட்கும், ஆனால் இரண்டு மாவட்டத்தாருக்கும் பயன்படும். வட்டங்களும் இடையில் பிரிந்திருக்கின்றன என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

சதவீதம் நூறைத் தாண்டியதற்குக் காரணம் சிறியது. ஊர், ரகம் என்று இரண்டின் மீது தொகுத்துச் சம்மரைஸ் செய்தீர்கள். அது கடைசிக் குழுவை மட்டும் உரித்துவிட்டு, ஊர்வாரிக் குவியலை அப்படியே வைத்துக்கொள்ளும். அடுத்து எடையை மொத்த எடையால் வகுத்தபோது மொத்தம் என்பது அந்தந்த ஊரின் மொத்தமாகிவிட்டது. ஒவ்வோர் ஊரும் தனக்குள் நூறு. ஐந்து ஊருக்கு ஐந்நூறு. திரையில் வந்த செய்தி இதைத்தான் சொல்லியது, பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. சம்மரைஸுக்குப் பின், குவியலைக் கலைக்கும் அன்குரூப் சேர்த்தால் தீர்ந்தது. 2023இல் வந்த டீப்ளையர் 1.1.0 பதிப்பிலிருந்து குரூப்_பையே இல்லாமல் சம்மரைஸுக்குள் .பை என்று குழுவைக் கொடுக்கலாம். குவியல் அந்த வரியோடு கலைந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் இதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

வாரவாரியாகத் தொகுக்கும்போது வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்று பாருங்கள். லூப்ரிடேட் தொகுப்பின் ஃப்ளோர்_டேட் சும்மா விட்டால் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும். ஆர் மொழியிலேயே இருக்கும் கட் என்ற செயற்கூறு திங்கட்கிழமையில் தொடங்கும். போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒருநாள் வரத்து முன்வாரத்தில் விழுமா பின்வாரத்தில் விழுமா என்பது நீங்கள் எந்தச் செயற்கூறை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்துவிடும். மாமாவிடம் கேட்டு, அவர் வாரக் கணக்கு முடிக்கும் கிழமையையே வையுங்கள்.

கேள்வியின் கடைசியில், எல்லாவற்றுக்கும் சராசரிதான் எடுக்க வேண்டுமா என்று போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். இல்லை. நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே முக்கியக் காரணம் அதுதான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருக்கக் கூடாது. ஒரு சிற்றூரில் நான்கு ஆழ்துளைக் கிணறுகள், அளவுகள் 0.6, 0.7, 0.8, 3.1 என்று வைத்துக்கொள்வோம். ஊர்வாரியாகத் தொகுத்துச் சராசரி எடுத்தால் 1.3. அட்டவணையில் அந்த ஊர் பாதுகாப்பான ஊர். நான்காவது கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் வீட்டுக் குழந்தையின் பல்லில் கறை ஏறிக்கொண்டிருக்கும். இங்கே எடுக்க வேண்டியது உச்ச அளவும், 1.5ஐத் தாண்டிய கிணறுகளின் பங்கும். ஆர் மொழியில் அளவு > 1.5 என்ற நிபந்தனைக்குச் சராசரி எடுத்தால் அந்தப் பங்கு நேராகக் கிடைத்துவிடும்; இந்த ஊருக்கு 0.25. யாருக்காகத் தொகுக்கிறோமோ அவர் அந்த அட்டவணையில் தெரிய வேண்டும். ஒரு கிணற்றை நம்பியிருப்பவர் சராசரியில் தெரிய மாட்டார்.

மாமாவிடம் காட்டுவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு. எல்லா ரகங்களின் மொத்த_எடையையும் கூட்டுங்கள். தொகுக்காத மூல அட்டவணையின் எடையைத் தனியாகக் கூட்டுங்கள். இரண்டும் கிலோ பிசகாமல் ஒன்றாக வர வேண்டும். லோடுகளின் எண்ணிக்கையும் அப்படியே. வந்துவிட்டால் தோத்தாபுரிக்கு 12.29 என்றும், சேந்தூராவுக்கு 29.20 என்றும், அதன் பக்கத்தில் "1,000 கிலோ விலை முடியவில்லை" என்றும் எழுதிக் கொடுங்கள். அந்த 1,000 கிலோவுக்கு விலை முடிந்த அன்று அதே வரியை மறுபடி ஓட்டினால் போதும்.